கையெழுத்து இல்லாத காதல் காமிக்ஸில் மாட் பேக்கரை அடையாளம் காண்பது எப்படி?

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வந்த காதல் காமிக்ஸ் ஒன்றை எடுத்துப் புரட்டுங்கள். கதையின் தலைப்பு கொட்டை எழுத்தில் இருக்கும். முதல் பக்கத்தின் அடியில் பதிப்பகத்தின் பெயரும் முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது, வரைந்தவர் பெயரும் பெரும்பாலும் இருக்காது. பத்து சென்ட் கொடுத்து வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற சரக்கு என்றே அதைப் போட்டவர்களும் நினைத்தார்கள்.

அந்தப் பக்கங்களில் நல்ல ஓவியர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் மாட் பேக்கர். காதல் காமிக்ஸுக்குப் புதியவர் அவரை எப்படி அடையாளம் காணலாம், எங்கே ஏமாறக்கூடும் என்பதுதான் இந்தக் கட்டுரை. முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முகத்தைப் பார்த்துத் தேடாதீர்கள், உடம்பைப் பார்த்துத் தேடுங்கள். காரணம் போகப்போகப் புரியும்.

யார் இவர்?

கிளாரன்ஸ் மாத்யூ பேக்கர் 1921 டிசம்பர் 10 அன்று வட கரோலினா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுண்டியில் பிறந்தவர். வளர்ந்தது பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில். கறுப்பினத்தவர். சிறு வயதில் வந்த காய்ச்சலால் இதயம் பலவீனப்பட்டிருந்ததால் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குப் போகவில்லை. நியூயார்க் வந்து கூப்பர் யூனியனில் ஓவியம் படித்தார். 1944 வாக்கில் ஜெர்ரி ஐகர் நடத்திய ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஐகர் ஸ்டுடியோ காமிக்ஸ் போடும் பதிப்பகம் அல்ல. பதிப்பகங்களுக்குப் பக்கங்களைத் தயாரித்துக் கொடுக்கும் பட்டறை. ஃபிக்‌ஷன் ஹவுஸ் கேட்டால் காட்டு ராணி கதை, ஃபாக்ஸ் கேட்டால் துப்பறியும் அழகி கதை என்று ஆர்டருக்கு ஏற்ப ஆட்கள் வரைந்து தள்ளுவார்கள். 1947-இல் ஃபாக்ஸ் பதிப்பகத்துக்காக பேக்கர் வரைந்த ‘ஃபான்டம் லேடி’தான் இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது. அதற்கு முன்பே, 1945-இல் ‘கிரவுன் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் ‘வூடா’ என்ற கறுப்பின நாயகனை வரைந்திருந்தார். அந்தக் காலத்தில் அது அரிது. நீடிக்கவும் விடவில்லை. சில இதழ்களிலேயே அந்த நாயகனை வெள்ளையனாக மாற்றிவிட்டார்கள்.

1948 வாக்கில் செயின்ட் ஜான் பதிப்பகத்துக்கு வரையத் தொடங்கினார். காதல் கதைகளில் அவருடைய சிறந்த வேலை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. 1959 ஆகஸ்ட் 11 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 37. காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2009-இல், இறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து.

காதல் காமிக்ஸ் என்ற அலை

போர் முடிந்ததும் சூப்பர்ஹீரோ இதழ்களின் விற்பனை சரிந்தது. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1947-இல் ‘யங் ரொமான்ஸ்’ இதழைத் தொடங்கினார்கள். அப்போது பெண்களிடையே நன்றாக விற்றுக்கொண்டிருந்த ‘உண்மை வாக்குமூல’ப் பத்திரிகைகளின் பாணியைக் காமிக்ஸுக்குக் கொண்டுவந்ததுதான் அவர்கள் செய்த காரியம். ஒரு பெண் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்லுவாள். தவறு செய்வாள், அழுவாள், திருந்துவாள், கல்யாணம் ஆகும். இதழ் அமோகமாக விற்றது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் இதழ்கள் கடைகளில் தொங்கின. 1950-இல் சந்தை தாங்காமல் பாதிக்குமேல் கவிழ்ந்தன.

செயின்ட் ஜான் பிழைத்துக்கொண்டது. ‘டீன்-ஏஜ் ரொமான்சஸ்’ 1949-இல் தொடங்கி 1955 வரை வந்தது. ‘பிக்டோரியல் ரொமான்சஸ்’, ‘டயரி சீக்ரெட்ஸ்’, ‘வார்டைம் ரொமான்சஸ்’, ‘டீன்-ஏஜ் டெம்ப்டேஷன்ஸ்’ என்று தலைப்புகள் கூடின. இவற்றில் பல கதைகளை எழுதியவர் டேனா டச். அவர் பெயரும் இதழ்களில் அச்சாகவில்லை. ஆய்வாளர் ஜான் பென்சன் பல ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்தார். டச்சின் நாயகிகள் தடம் மாறியதற்காக நாசமாகிவிடுவதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பையனோடு ஊர் சுற்றப் போவாள், ஏமாறுவாள், தானே யோசித்துத் திரும்பி வருவாள். அப்பா அம்மா வந்து உபதேசம் செய்து கதையை முடிப்பது குறைவு. அந்தக் காலத்துக் காதல் காமிக்ஸில் இன்றைக்கும் சலிக்காமல் படிக்க முடிவது இந்தக் கதைகள்தான் என்பது எங்கள் கருத்து.

இது பேக்கரைத் தேடுபவருக்கும் பயன்படும் தகவல். நாயகி எந்நேரமும் கட்டிலில் விழுந்து அழுதுகொண்டிருந்தால் ஓவியருக்கு வேலை முகத்தில் மட்டும்தான். டச்சின் கதைகளில் பெண்கள் முடிவெடுக்கிறார்கள், கிளம்புகிறார்கள், வாசலில் நின்று தயங்குகிறார்கள், ஒருவன் கையைத் தட்டிவிடுகிறார்கள். உடம்பால் நடிக்க வேண்டிய கதைகள் இவை. பேக்கருக்கு அது கைவந்த கலை.

ஒரு பக்கம் எத்தனை கை மாறியது?

அடையாளம் காண்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, பக்கம் தயாரான விதம் தெரியாததால் வருபவை. வரிசை இதுதான்.

முதலில் எழுத்தாளரின் ஸ்கிரிப்ட்: எத்தனை கட்டம், ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது, யார் என்ன பேசுகிறார். அடுத்து பென்சில். அச்சாகும் அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கில், அதாவது 12 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கொண்ட பரப்பில், கெட்டியான பிரிஸ்டல் அட்டையில் வரைவார்கள். கட்டங்களைப் பிரிப்பது, யார் எங்கே நிற்பது, எந்தக் கோணத்தில் பார்ப்பது எல்லாம் இந்த இடத்தில் முடிவாகிவிடும். பிறகு எழுத்துக்காரர் பேச்சு பலூன்களையும் கதை சொல்லும் பெட்டிகளையும் எழுதுவார். அதன்பின் இங்க் போடுபவர் பென்சில் கோட்டின்மேல் இந்தியன் இங்க் கொண்டு, சேபிள் முடி பிரஷ்ஷாலும் தொட்டெழுதும் பேனாவாலும் கோடு இழுப்பார். பென்சிலை அழித்துவிடுவார்கள்.

நாம் இன்று அச்சில் பார்க்கும் ஒவ்வொரு கோடும் இங்க் போட்டவரின் கோடு. பென்சில்காரரின் கோடு ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. பென்சிலும் இங்க்கும் ஒரே ஆள் போட்டால் பிரச்சினை இல்லை. பேக்கர் விஷயத்தில் பல நேரம் வேறு ஆள். செயின்ட் ஜான் காலத்தில் ரே ஆஸ்ரின் நிறைய இங்க் போட்டார். 1950-களின் பின்பாதியில் அட்லஸ் என்ற பதிப்பகத்தின் இதழ்களுக்குப் போனபோது வின்ஸ் கொலெட்டா.

இங்க் போடுபவர் கையில் முதலில் மாறுவது முகம். கண் இமையின் கோடு ஒரு மயிரிழை தடித்தால் பார்வையே வேறாகிவிடும். உதட்டு ஓரம் இம்மி இறங்கினால் ஏக்கம் கோபமாகிவிடும். ஆனால் ஒரு பெண் எந்தக் காலில் எடையைப் போட்டு நிற்கிறாள், அவளுக்கும் அவனுக்கும் இடையே எத்தனை அடி தூரம் என்பதையெல்லாம் இங்க் போடுபவர் தொடமாட்டார். தொட்டால் பக்கத்தையே திரும்ப வரைய வேண்டிவரும். அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. உடம்பைப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

நிறத்தையும் பேக்கர் கணக்கில் எழுதாதீர்கள். இங்க் முடிந்த பக்கத்தின் சிறிய நகலில் ஒருவர் நிறம் தீட்டி, எது எத்தனை சதவீதம் என்று குறித்துக் கொடுப்பார். நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றிலும் 25, 50, 100 சதவீதம் என்ற படிகளை வைத்துக்கொண்டு, இன்னொரு இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அச்சுத் தகடுகளுக்காகக் கையாலேயே நிறங்களைப் பிரிப்பார்கள். அதன்பின் சுழலும் அச்சு இயந்திரம், மலிவான நியூஸ் பிரிண்ட் தாள். தகடு ஒரு நூல் நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்காரும். பேக்கரின் பெண்களில் சிலர் பூதம்போலத் தெரிவது இதனால். பழி அச்சகத்துக்கு.

இப்படிப் பெயரில்லாமல் போனவர் பேக்கர் மட்டுமல்ல. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ராய் லிச்டன்ஸ்டைன் 1963-இல் தீட்டிய, அலையில் மூழ்கும் பெண்ணின் படம் இருக்கிறது. அதற்கு மூலப்படம் 1962-இல் டிசி பதிப்பகத்தின் ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ 83-ஆம் இதழில் டோனி அப்ரூஸோ வரைந்த ஒரு கட்டம். ஓவியத்தைத் தெரிந்தவர்களில் அப்ரூஸோவைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

பார்க்க வேண்டிய வரிசை

நம்மூர் வார இதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள் கையெழுத்தைப் பார்க்காமலே இது ஜெயராஜ், இது மாருதி என்று சொல்லிவிடுவார்கள். அதே கண்தான் இங்கேயும் வேண்டும். எதை முதலில் பார்ப்பது என்ற வரிசைதான் வேறு.

முதலில் ஸ்கேனைச் சரிசெய்துகொள்ளுங்கள். திரையில் பக்கம் முழுவதும் தெரிகிற அளவில் வைத்து ஒரு முறை, 200 சதவீதம் பெரிதாக்கி ஒரு முறை பாருங்கள். முதல் பார்வை அமைப்புக்கு, இரண்டாவது கோட்டுக்கு. நிறம் கண்ணை மறைத்தால் ஏதாவதொரு படத்திருத்தி மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களையும் தனித்தனியே கறுப்பு வெள்ளையில் பாருங்கள். சிவப்பு சேனலில் மஞ்சள், மெஜந்தா மைகள் வெளிறிப்போகும். முகம், கை, சிவப்புக் கவுன் எல்லாவற்றிலும் கறுப்புக் கோடு துலங்கும். நீல உடை, இரவுக் காட்சி என்றால் நீல சேனலுக்கு மாறுங்கள். தொடக்கக்காரர்கள் நேரே சாம்பல் நிறமாக மாற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அடர்ந்த சிவப்பும் கறுப்பும் ஒன்றோடொன்று கலந்து, எது மடிப்பு எது நிழல் என்று தெரியாமல் போகும்.

அடுத்து, நாயகி முழு உருவமாக நிற்கும் ஒரு கட்டத்தைத் தேடுங்கள். அவள் முகத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள். பேக்கராக இருந்தால், முகம் இல்லாமலே அவள் என்ன மனநிலையில் இருக்கிறாள் என்று ஓரளவு சொல்ல முடியும். எடை ஒரு காலில் இருக்கும். அந்தப் பக்க இடுப்பு உயர்ந்திருக்கும். தோள் அதற்கு எதிராகச் சாய்ந்திருக்கும். காதிலிருந்து கணுக்கால் வரை விரலால் இழுத்துப் பார்த்தால் கோடு நேராகப் போகாது, இரண்டு முறை வளையும். அவசரத்தில் வரைந்த மற்றவர்களின் பக்கங்களில் இரு காலிலும் சம எடையோடு, துணிக்கடைப் பொம்மை கணக்காகப் பெண்கள் நிற்பார்கள். முகம் எத்தனை அழகாக இருந்தாலும் விரலால் மறைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

இந்தச் சோதனையை ஒரு கட்டத்தோடு நிறுத்தாதீர்கள். வளைந்து நிற்கும் அழகியை முதல் பக்கத்தில் யாரும் பார்த்து வரைந்துவிடலாம். ஐந்தாம் பக்கத்தில், கதைக்கு முக்கியமில்லாத ஒரு சின்னக் கட்டத்தில், பின்னால் நிற்கும் தோழிகூட அப்படித்தான் நிற்கிறாளா என்று பாருங்கள். பேக்கரின் பக்கங்களில் உதிரிப் பாத்திரத்துக்கும் இடுப்பு எலும்பு உண்டு.

மூன்றாவது கைகள். விரல்கள் நீண்டு, நுனியில் மெலிந்திருக்கும். அதைவிட முக்கியம், கை சும்மா தொங்குவது அரிது. கைப்பையைப் பிடித்திருக்கும், சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும், கதவின் விளிம்பில் இருக்கும், அவன் கோட்டின் மடிப்பில் இருக்கும். மோசமான ஓவியர்கள் கையை முதுகுக்குப் பின்னாலோ பலூனுக்கு அடியிலோ ஒளித்து வைப்பார்கள். ஒரு பக்கத்தில் எத்தனை கைகள் முழுதாகத் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதுவே பாதி விடை.

நான்காவது துணி. பேக்கரின் நாயகிகள் அந்தந்த ஆண்டின் மோஸ்தரில் உடுத்துவார்கள். 1947-க்குப் பின் வந்த, இடுப்பு இறுகிப் பாவாடை விரிந்த பாணி அவர் பக்கங்களில் துல்லியமாக இருக்கும். கோடு போட்ட உடை, கட்டம் போட்ட உடையைக் கவனியுங்கள். உடம்பு வளையும் இடத்தில் துணியின் கோடும் வளைகிறதா, அல்லது சுவரில் ஒட்டிய தாள்போலத் தட்டையாகக் கிடக்கிறதா? மடிப்புகள் தோள், முழங்கை, இடுப்பு என்று துணி இழுபடும் இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பினால் பென்சில் போட்டவருக்கு உடற்கூறு தெரியும் என்று பொருள்.

ஐந்தாவது, கட்டத்தை மீறும் உருவம். கட்டத்தின் கோட்டைத் தாண்டி ஒரு கால், ஒரு முழங்கை, சில நேரம் முழு உடம்பும் வெளியே வரும். ஒரு பெண் பக்கத்தின் ஓரமாக, இரண்டு கட்டங்களின் உயரத்துக்குச் சட்டகமே இல்லாமல் நிற்பாள். ஃபிக்‌ஷன் ஹவுஸ் காட்டுக் கதைகளிலேயே பழகிய உத்தி இது. அங்கே பாய்ச்சலுக்கும் சண்டைக்கும் பயன்பட்டதைக் காதல் கதையில் தயக்கத்துக்கும் தனிமைக்கும் மாற்றிக்கொண்டார். இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஐகர் பட்டறையில் பலரும் செய்தார்கள்.

அட்டைகளுக்கு வந்தால் ஓர் அமைப்பு திரும்பத் திரும்ப வரும்: முன்னால் நெருங்கி நிற்கும் இருவர், பின்னால் கதவருகிலோ மரத்தருகிலோ அதைப் பார்த்துவிட்ட மூன்றாம் ஆள். இந்த அமைப்பு அந்தக் காலக் காதல் காமிக்ஸ் எல்லாவற்றுக்கும் பொது. பேக்கரின் அட்டையில் வேறுபாடு எங்கே என்றால், மூன்று பேரின் பார்வையும் மூன்று திசையில் போகும். அணைத்துக்கொண்டிருப்பவளே அவனைப் பார்க்கமாட்டாள். கையெழுத்துக் கிடைக்கும் வாய்ப்பும் உள்பக்கங்களைவிட அட்டையில்தான் கொஞ்சம் கூடுதல். மூலைகளையும், தரைக்கும் பாவாடை விளிம்புக்கும் இடையே உள்ள இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

கடைசியில் முகம். உயர்ந்து வளைந்த புருவம், கனத்த மேல் இமை, சற்றே தூக்கிய சின்ன மூக்கு, கொத்துக் கொத்தாகப் பிரிந்து ஒளி விழும் கூந்தல். இவை ஒத்துவந்தால் சந்தோஷம். ஒத்துவராவிட்டால் உடனே நிராகரிக்க வேண்டாம். நிற்கும் விதமும் கைகளும் துணியும் பொருந்தியிருந்தால் வேறு ஆள் இங்க் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக வழுக்கும் இடங்கள்

முதல் வில்லங்கம் ஜாக் கேமன். அவரும் ஐகர் பட்டறையில் வேலை பார்த்தவர், அவரும் அழகான பெண்களை வரைந்தவர். 1940-களின் பிற்பாதியில் வந்த பக்கங்களில் இருவரையும் மாற்றிச் சொல்வது சகஜம். கேமனின் பெண்கள் சுத்தமாக, சீராக, ஒரே மாதிரி இருப்பார்கள். முகத்தில் மெருகு அதிகம், உடம்பில் அசைவு குறைவு. கட்டைவிரல் சோதனை இங்கே நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது, புனைபெயர்கள். பக்கத்தில் ஒரு பெயர் அச்சாகியிருப்பதால் அதுதான் ஓவியர் என்று நம்பிவிடக் கூடாது. ‘ஃபான்டம் லேடி’ கதைகளில் ‘கிரெகரி பேஜ்’ என்ற பெயர் இருக்கும். அப்படி ஓர் ஆள் கிடையாது. ஸ்டுடியோவுக்குச் சொந்தமான பெயர். யார் வரைந்தாலும் அதையே போடுவார்கள்.

மூன்றாவது, ஒரு கதையில் இரண்டு கை. பின்னணி, உதிரி உருவங்கள் போன்றவற்றை உதவியாளர்களிடம் விடுவது வழக்கம். நாயகி பேக்கர்போல இருந்து சோபாவும் ஜன்னலும் கோணலாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

நான்காவது, மறுபதிப்பு. செயின்ட் ஜான் பழைய கதைகளைப் புதிய இதழ்களில் மீண்டும் போட்டது. 1954 தேதியிட்ட இதழில் பாவாடையும் கொண்டையும் 1949 பாணியில் இருந்தால் சந்தேகப்படுங்கள். துணியைக் கூர்ந்து பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. மறுபதிப்பில் கழுத்துப் பகுதியிலோ முழங்கால் அருகிலோ கோடு திடீரென்று தடித்து, மடிப்புகள் உடம்போடு ஒட்டாமல் இருந்தால் யாரோ பின்னாளில் துணி சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஏன் சேர்த்தார்கள்? 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் சான்றாக அச்சான படங்களில் ஒன்று, கயிற்றால் கட்டப்பட்டிருக்கும் நாயகி உள்ள ‘ஃபான்டம் லேடி’ 17-ஆம் இதழின் அட்டை. வரைந்தவர் பேக்கர். அதே ஆண்டு அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. அரசு கைவைப்பதற்குள் பதிப்பகங்கள் தாங்களே காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டன. பெண்களின் உடலமைப்பை மிகைப்படுத்தக் கூடாது, சமூகம் ஏற்கும் உடையில் காட்ட வேண்டும், முறையற்ற உறவைக் குறிப்பால்கூட உணர்த்தக் கூடாது, மணவிலக்கை விரும்பத்தக்கதாகக் காட்டக் கூடாது. ‘டீன்-ஏஜ் டெம்ப்டேஷன்ஸ்’ என்ற தலைப்பில் ‘சபலம்’ இருந்ததால் அந்த இதழே ‘கோயிங் ஸ்டெடி’ என்று பெயர் மாறியது. பதிப்பாளர் ஆர்ச்சர் செயின்ட் ஜான் 1955-இல் இறந்தார். காமிக்ஸ் வெளியீடு சில ஆண்டுகளில் ஓய்ந்தது.

காமிக்ஸ் கோட் வந்த பிறகு அட்லஸ் இதழ்களில் வந்த பேக்கரைப் பார்ப்பது ஒரு தனிப் பயிற்சி. ‘லவ் ரொமான்சஸ்’, ‘மை ஓன் ரொமான்ஸ்’ போன்றவற்றில் அவர் பென்சிலின்மேல் கொலெட்டா இங்க் போட்டார். மெல்லிய, கீறல் கீறலான பேனாக் கோடு கொலெட்டாவின் அடையாளம். வேகத்துக்காகப் பின்னணியில் இருப்பதை அழித்துவிடுவார் என்ற கெட்ட பெயரும் அவருக்கு உண்டு. கதைகளும் சப்பென்று ஆகிவிட்டன: இரண்டு பேர் நிற்பார்கள், சின்னத் தப்பெண்ணம், நாலைந்து பக்கத்தில் சமாதானம். முகமெல்லாம் கொலெட்டா முகம். அப்படியிருந்தும் நடையில், தோள் திரும்பும் கோணத்தில் பழைய ஆள் எட்டிப்பார்ப்பார். தொடக்கத்திலேயே இங்கே வராதீர்கள். செயின்ட் ஜான் இதழ்களில் 1950 முதல் 1954 வரை உள்ளவற்றில் கண் பழகிய பிறகு வாருங்கள்.

கண்ணைப் பழக்க எங்கே தொடங்குவது?

1950-இல் செயின்ட் ஜான் ‘இட் ரைம்ஸ் வித் லஸ்ட்’ என்ற சிறிய அளவுப் புத்தகத்தை வெளியிட்டது. படங்களால் சொன்ன ஒரு முழு நாவல். ஆர்னால்ட் டிரேக், லெஸ்லி வாலர் இருவரும் சேர்ந்து ‘டிரேக் வாலர்’ என்ற ஒற்றைப் பெயரில் எழுதினார்கள். பென்சில் பேக்கர், இங்க் ரே ஆஸ்ரின். சுரங்க நகரம் ஒன்றைக் கைக்குள் வைத்திருக்கும் ரஸ்ட் மாசன் என்ற பெண்ணும், அவளிடம் சிக்கும் ஒரு பத்திரிகைக்காரனும்தான் கதை. பிற்காலத்தில் கிராஃபிக் நாவல் என்று பேர் பெற்ற வடிவத்துக்கு முன்னோடிகளில் ஒன்று. அப்போது ஓடவில்லை. பயிற்சிக்கு இதைச் சொல்லக் காரணம் மூன்று: பென்சில் யார், இங்க் யார் என்பதில் சந்தேகம் இல்லை, கறுப்பு வெள்ளையும் சாம்பல் சாயலும் மட்டும் இருப்பதால் நிறம் குறுக்கே வராது, நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கதை நெடுக ஒரே பெண் நிற்கிறாள், உட்காருகிறாள், மிரட்டுகிறாள், கெஞ்சுகிறாள். ரஸ்ட் ஓர் அறைக்குள் நுழையும் கட்டங்களை மட்டும் அடுத்தடுத்துப் பாருங்கள். அறையில் இருப்பவன் அவளுக்குப் பயப்படுகிறானா, ஆசைப்படுகிறானா என்பதற்கு ஏற்ப அவள் தலையைத் தாழ்த்தும் கோணம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

பிறகு காதல் இதழ்களுக்குப் போங்கள். செயின்ட் ஜான், ஃபாக்ஸ், ஃபிக்‌ஷன் ஹவுஸ் வெளியிட்ட பெரும்பாலான இதழ்களின் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிவிட்டது. டிஜிட்டல் காமிக் மியூசியம், காமிக் புக் பிளஸ் ஆகிய இரு தளங்களிலும் அவற்றின் ஸ்கேன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய அசல் இதழ்களைக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை: விற்பவர் ‘பேக்கர்’ என்று போட்டாலே விலை ஏறிவிடும், அதனால் தாராளமாகப் போடுவார்கள். சில இதழ்களில் அட்டை மட்டுமே பேக்கர், உள்ளே வேறு ஆட்கள். சிலவற்றில் அட்டையில் புகைப்படம் இருக்கும், உள்ளே ஒரு கதை மட்டும் அவருடையது. வாங்கும் முன் அதே இதழின் ஸ்கேனைத் திறந்து பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள்.

கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற பட்டியலில் இதழ் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு கதைக்கும் எழுத்து, பென்சில், இங்க் என்று தனித்தனி வரி இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அது பாணியைப் பார்த்துச் செய்த ஊகம். முதலில் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் நீங்களே பார்த்து, கதைவாரியாகப் பென்சில் ஒரு பெயர், இங்க் ஒரு பெயர் என்று எழுதிவைத்துக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். பென்சில் சரியாக வந்து இங்க் தவறாக வந்தால் நல்ல அறிகுறி. முகங்களை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள்.